ஆற்றங்கரையில் விட்டுவந்த வைரவர்

1993ஆம் ஆண்டு ஆடி மாதம், பிரான்சில் ஓர் ஆற்றங்கரையில், எங்கள் கூடாரத்துக்கு வெளியே இவர், என் கணவர், தேநீர்க் கோப்பையோடு சரிந்து விழுந்தார். நான் உள்ளே போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். நாய் குரைத்தது. எதற்கெடுத்தாலும் குரைக்கிற நாய் என்பதால் நான் உடனே வெளியே வரவில்லை. வந்து பார்த்தபோது இவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை யாருடைய கையோ போலப் புல்லில் கிடந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. அந்த நாட்டு மொழியில் எனக்கு வணக்கம் சொல்லத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். உதவிக்கு ஆளைக் கூப்பிடத் தெரியாது. தமிழில்தான் கத்தினேன்.

அடியார்களே, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்குகிற நேரத்தில் உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள், பிள்ளையார் முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வைரவரிடம் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று. சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில், டூட்டிங்கில் இருக்கிறோம். இவர் பாதாள ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முதுகு முறிய நின்றவள். ஒரே மகள், கலியாணம் முடித்துக் கிங்ஸ்பரியில் இருக்கிறாள். நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது. ஊரில் தாங்கள் வளர்த்த நாயின் பெயரையே இவர் அதற்கும் வைத்தார், சீசர். சமையலறைக்குள் வரக்கூடாது, சாமியறைப் பக்கம் தலைகாட்டவே கூடாது என்று நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு மாதத்தில் நாய் சோபாவில் படுத்திருந்தது, இவர் கீழே தரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்தார். சாமியறையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாயை நான் தொடுவதும் இல்லை.

ஓய்வு பெற்றதும் இவருக்கு ஓர் ஆசை பிடித்தது. காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் ஐரோப்பா முழுக்கச் சுற்ற வேண்டும், சீசரும் வர வேண்டும். என் மச்சாள் முகத்துக்கு நேரே கேட்டாள். "ஊரில சண்டைக்குப் பயந்து ஓடின சனம் கூடாரமும் இல்லாமல் மரத்துக்குக் கீழ கிடக்குது. நீங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டுக் கூடாரத்தில படுக்கக் காசு குடுக்கிறியளோ?" எனக்கும் அது குத்தியது. இவர் வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு வேறு கவலை. இங்கிலாந்தில் விசர்நாய் நோய் இல்லை. அதனால் வெளிநாடு போய்வருகிற நாயை இங்கே ஆறு மாதம் அடைத்துவைத்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். அதுதான் சட்டம். இவருக்கு அது தெரியும். திரும்பி வரும்போது அடைக்கிற இடத்தையும் ஒழுங்கு செய்துவிட்டார். கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன், ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்றார். அப்படித்தான் புறப்பட்டோம்.

முதல் வெள்ளிக்கிழமை நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்க இடமில்லை, கும்பிட ஒரு படம் இல்லை. இவர் காருக்குள் கிண்டி, இறைச்சி வாட்டுகிற நீளமான முள்ளுக்கரண்டி ஒன்றை எடுத்தார். அதற்கு மூன்று முனை. கூடாரத்துக்குப் பக்கத்து மரத்தடியில் அதை நட்டார்.

"இஞ்சேர், வைரவர் வந்திட்டார். இனிக் காவலுக்குக் குறையில்லை" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி இவர் தலையில் போட்டிருப்பேன். "பகிடிக்கும் ஒரு அளவு வேணும்" என்றேன். "புதுசு, இன்னும் ஒண்டையும் குத்தேல்லை" என்று சிரித்தார். ஆனால் நம் ஊரில் எத்தனை வைரவர் வெறும் சூலமாக மரத்தடியில் நிற்கிறார்? நட்டாகிவிட்டது, வைரவர் என்று வாயால் சொல்லியுமாகிவிட்டது. இனி அது கரண்டி என்று சொல்ல எனக்குப் பயம். காஸ் அடுப்பில் எண்ணெய் வைத்து, கொண்டுபோன உழுந்தில் நாலைந்து வடை சுட்டு, நூலில் கோத்து அதன் கழுத்தில் போட்டேன். கும்பிட்டு முடிய இவர் அந்த வடையைச் சீசருக்குப் போட்டார். வைரவரின் வாகனம் நாய்தானே, அதில் நான் பிழை சொல்ல முடியவில்லை. அதன் பிறகு எந்த நாட்டில் கூடாரம் அடித்தாலும் முதலில் நிற்பது வைரவர். வெள்ளிக்கிழமை வடை. இடம் மாறும்போது கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, மன்னிப்புக் கேட்டு எடுத்துவைப்பேன்.

இவர் விழுந்த அன்றைக்கு அந்தத் துணியை யார் நினைத்தார்கள்?

அந்தக் காம்பிங் இடத்தை நடத்திய அம்மா ஓடிவந்து அம்புலன்சைக் கூப்பிட்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இவர் சில வாரம் கிடந்தார். மகளும் மருமகனும் வந்தார்கள். இவரை விமானத்தில் கொண்டுவந்தோம். மருமகன் கூடாரத்தைப் பிரித்துக் காரை ஓட்டிவந்தான். அதுவரை அந்த அம்மா பார்த்துக்கொண்ட சீசர், நேரே கென்ற் பக்கத்தில் இருந்த அடைப்புக்குப் போனது. வீட்டில் சாமான்களை இறக்கும்போது சூலம் எங்கே என்று மருமகனைக் கேட்டேன். என்ன சூலம் மாமி என்று கேட்டான். வைரவரை நட்டு, காவல் நில் என்று சொல்லிவிட்டு, விளக்கும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அந்நிய ஊரில் மரத்தடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் என் எதிரிக்கும் வேண்ட மாட்டேன். இவரை வீட்டுக்கு விட்டார்கள். முன் அறையில் கட்டில் போட்டோம். பேச்சு இல்லை. இனி வருவது கடினம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பார், பிறகு ஒழுகவிடுவார். உடம்பு வருத்தத்தைவிட, ஆள் மனம் விட்டுவிட்டார் என்பதுதான் பெரிய பிரச்சினை என்று நர்ஸ் சொன்னாள். அதே கிழமை அடைப்பிலிருந்து தொலைபேசி வந்தது. நாய் சாப்பிடவில்லை, வயதான நாய், இப்படியே போனால் தாங்காது, வீட்டார் யாராவது வந்து பார்த்தால் நல்லது என்றார்கள்.

யார் போவது? நான்தான். ரயில் ஏறி, பஸ் ஏறி, அதற்குப் பிறகு மழைக்குள் நடந்து போனேன். சீமெந்துத் தரை, கம்பி வலை, ஒரு பலகைக் கட்டில். சீசர் எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. என்னைக் கண்டு தலையைத் தூக்கியது. எனக்குப் பின்னால் பார்த்தது. பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். நான் எங்கே போய்வந்தேன் என்று மகள் இவருக்குச் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்ததும் இவரும் எனக்குப் பின்னால் பார்த்தார். சீசர் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன். முப்பத்தைந்து வருசம் சமைத்துப் போட்டவள் நான். அந்த இரண்டு பேருக்கும் இடையில் ஓடித் திரிகிறவள் நான். என்னை எதிர்பார்த்து இருப்பவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு எனக்கு உயிரோடு இருக்கவே விருப்பம் இல்லை, மறைக்காமல் சொல்கிறேன்.

மறுநாள் நம் விம்பிள்டன் கோயிலுக்குப் போய் வைரவரோடு சண்டை பிடித்தேன். கும்பிடப் போகவில்லை, சண்டைக்குத்தான் போனேன். காவலுக்கு நட்ட நீ காவல் காத்த இலட்சணம் இதுவா என்று கேட்டேன். கேட்டு முடிய எனக்கே வெட்கமாய் இருந்தது. அவரை நடுத்தெருவில் விட்டு வந்தவள் நான், அவரிடம் கணக்குக் கேட்கிறேன். வடைமாலை சாத்துகிறேன், இரண்டு பேரையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்து தா என்று நேர்ந்தேன். நடக்கும் என்று நம்பி நேரவில்லை. செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடு, சூலம் நிற்கிறதா என்று கேள் என்றேன். மகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நிற்கிறதாம். நான் கும்பிடுவதை அந்த அம்மா கண்டிருக்கிறாராம். அதைச் சுற்றிப் புல் வெட்டுகிற மெசினைக் கொண்டுபோகவே இல்லையாம். தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறாராம்.

"பிடுங்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். "இவர் விழுந்த இடம் அது. அவர் அங்கயே நிக்கட்டும். வெள்ளிக்கிழமையில ஒரு விளக்கு வைக்க ஏலுமோ எண்டு கேள்."

"அம்மா, இதை நான் எப்பிடிப் பிரெஞ்சில சொல்லுறது?"

"மெழுகுதிரி எண்டு சொல்லு, விளங்கும்."

விளங்கியது. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவராம். யாருக்காக என்று மட்டும் கேட்டாராம். கணவருக்காக என்று மகள் சொன்னாள். "நாய்க்காகவும் எண்டு சொல்லு" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வந்த வெள்ளிக்கிழமை விடிய எழும்பி உழுந்து அரைத்தேன். நேர்த்தி நிறைவேறிய பிறகுதான் வடைமாலை சாத்துவது வழக்கம். நான் முன்கூட்டியே சாத்தினேன். பிறகு சாத்த ஆட்கள் மிஞ்சுவார்களோ தெரியாது என்று நினைத்தேன். கோயிலில் சாத்திவிட்டுக் கொஞ்ச வடையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நேரே சீசரிடம் போனேன்.

அங்கே வேலை செய்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெங்காயம் போட்டதா என்று கேட்டாள், நாய்க்கு ஆகாதாம். சுவாமிக்குச் சாத்தியதில் வெங்காயம் எப்படி இருக்கும்? ஒன்று மட்டும் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். நான் அந்த ஈரச் சீமெந்தில் சேலையோடு உட்கார்ந்தேன். வடையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். சீசர் அசையவில்லை. அதன் தலையில் கை வைத்தேன். அன்றைக்குத்தான் நான் அதை முதன்முதல் தொட்டேன். சூடாக இருந்தது. மெல்ல மூக்கை நீட்டி மணந்து பார்த்தது. ஆற்றங்கரையில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த அதே மணம்தானே. துண்டை எடுத்தது. இன்னொரு துண்டையும் எடுத்தது. என் கையை நக்கியது. என் மடியில் தலையைப் போட்டுக்கொண்டது.

நான் கை கழுவாமல்தான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். இவர் வழக்கம்போல எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் சேலையைப் பார்த்தார். அதில் முழுக்கச் சீசரின் மயிர் ஒட்டியிருந்தது. கிட்டப் போனேன். இடது கையால் ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போனது. தொண்டையில் ஏதோ புரண்டது.

"திண்…டவனோ?"

ஆடி மாதத்துக்குப் பிறகு இவர் பேசிய முதல் வார்த்தை அது. என் பெயர் இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

"ஓம், திண்டவன். நீங்களும் தின்னுங்கோ" என்றேன். மிச்ச வடையைப் பிய்த்து ஊட்டினேன். விழுங்கினார்.

சுகம் வந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வலது கை இன்றுவரை வரவில்லை. பேச்சும் நாலைந்து சொல்லுக்கு மேல் போகாது. அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிதோறும் போய்வந்தேன். சில வெள்ளி சீசர் தின்னும், இவர் தின்ன மாட்டார். சில வெள்ளி மாறி நடக்கும். அடைப்பு வாசலில் நுழையும்போது நாய் போய்விட்டது என்று சொல்வார்களோ என்ற பயம் கடைசிவரை இருந்தது. பங்குனியில் சீசர் வீட்டுக்கு வந்தது. கட்டிலில் ஏறி இவருடைய செத்த கைக்குப் பக்கத்தில் படுத்தது. சாமியறைக் கதவை நான் பிறகு மூடவில்லை. வைரவருடைய வாகனத்தை வெளியே நிறுத்த நான் யார்?

சீசர் போன வருசம் போய்விட்டது. மகள் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, இனி மெழுகுதிரி வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம் என்றாள். இப்போது தன் கணவரும் கட்டிலில் கிடக்கிறார், தான் நிறுத்தப்போவதில்லை என்று அவர் சொன்னாராம். அவருடைய கணவருக்காக நானும் இங்கே வடைமாலை சாத்துகிறேன். நான் நிற்கிற அந்த நேரத்தில் பாதி அவருடையது.

அடியார்களே, மனம் விட்டுப்போன நேரத்தில் நம்பிக்கை வரட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். நம்பிக்கை இல்லாமலே போய் நில்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டுமென்றால் பிடியுங்கள். அவர் கேட்பார். என் சண்டையைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

நான் கேட்காத ஒன்றையும் தந்தார். சீசர் வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை, உழுந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மழையில் பஸ் பிந்திவிட்டது. நனைந்துகொண்டு வந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். கட்டிலில் இரண்டு தலையும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பின. இவருடைய முகம் பயந்துபோய் இருந்தது. என்னைக் கண்டதும் தெளிந்தது. சீசர் வாலை ஆட்டியது. இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள், எனக்குப் பின்னால் பார்க்கவில்லை.