தாளில் ஏறாத வலி

தேதி தாண்டியும் வலி எடுக்கவில்லை என்று ஒரகடம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலையிலேயே வலி வருவதற்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்று குழந்தையின் துடிப்புக்கு, ஒன்று வலிக்கு. இரண்டையும் ஒரு மிஷின் தாளில் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மேல் வலி விட்டபாடில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்து நிமிடத்தில் ஆறு. மூச்சு வாங்கக்கூட இடைவெளி இல்லை.

நர்ஸ் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.

"ஒண்ணுமே ஏறலியேம்மா. வலியே வரல ஒனக்கு." டிரிப்ஸைக் கூட்டினார்.

"சிஸ்டர், பத்து நிமிஷத்துல ஆறு தபா வந்துச்சு. தொட்டுப் பாருங்க."

"மிஷின் இன்னா பொய்யா சொல்லுது? மொத பிரசவம்னா அப்டித்தான் கீது. கம்முனு படு."

கம்மென்று படுத்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை, பாதி என் மேலேயே. மண்ணூர் பக்கம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் மூன்று வருஷம் நின்றவள் நான். உதிரிபாகம் கையில் ஆடும். மீட்டர் சரி என்று காட்டும். சூப்பர்வைசர் "ஓகே போடு" என்பார், போடுவேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் பிரசவக் கட்டில்வரை என்னோடு வந்திருந்தது.

பிறகு மிஷினில் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் துடிப்புச் சத்தம் மந்தமானது. வலி போன பிறகும் துடிப்பு ஏறவில்லை. போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். வலி பார்க்கும் பெல்ட் நழுவி இடுப்போரம் தொங்கியது. மேல்வயிற்றுக்கு இழுத்து அழுத்திப் பிடித்தேன். அடுத்த வலிக்குக் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"சிஸ்டர், இப்ப வந்து பாருங்க" என்று கத்தினேன்.

ஓடிவந்தவர், இடைவிடாத வலி குழந்தையைத் திணறடிப்பதைத் தாளில் பார்த்ததும் டிரிப்ஸை மூடினார். என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். துடிப்பு பழையபடி வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

மதியம் மகள் பிறந்தாள். டாக்டரிடம் நர்ஸ், "நான்தான் மேடம் கவனிச்சு டிரிப்ஸ நிறுத்துனேன்" என்றார்.

"இல்ல மேடம். பெல்ட்டு நழுவிக் கெடந்துச்சு. நான் சொல்லியும் கேக்காம இவங்க கூட்டுனாங்க. அதையும் எழுதுங்க."

"கொழந்த நல்லா இருக்கில்ல? விடும்மா" என்றார் டாக்டர்.

நன்றாக இருந்துவிட்டால் நடந்தது தப்பில்லை என்றாகிவிடுமா? டாக்டர் எதையும் எழுதாமல் போய்விட்டார். என்னிடமிருந்து கழற்றிய பெல்ட்டைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கட்டிக்கொண்டிருந்தார் நர்ஸ். அவர் காதுபடவே சொன்னேன்:

"அக்கா, ஒவ்வொரு வலியும் நீயே எண்ணிக்கினு இரு. இவங்க கேக்கலன்னா கத்து."