ஐஸ் கிடங்கில் ஒரு கம்பளி

அய்யாதுரை சோப்பை நூலால் அறுத்துக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைச் சுண்டி இழுத்து, பாதியை மட்டும் பைக்குள் போட்டார். பல் பிரஷின் காம்பு ஏற்கெனவே போய்விட்டது. சீப்பில் பாதி, துண்டில் பாதி. மனைவி இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். "வேட்டி ஒண்ணுதான் முழுசா இருக்கு. அதையும் வெட்டிப்போட்டுக் கெளம்புங்க."

பாண்டி பஜார் ஜவுளிக் கடை ஒன்றில் கம்பளிப் பிரிவு அவருடையது. வடக்கே யாத்திரை போகிறவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக ஸ்வெட்டர் மடித்துக் கொடுத்தவர். குளிரை மட்டும் பார்த்ததில்லை. எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் முதலாளி எப்படியோ லீவு கொடுத்தார். மயிலாப்பூர் ரகுபதி, இமயத்தில் குலு மலையில் நடக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். "கூலி ஆள் கிடையாது ஓய். அவாவா மூட்டை அவாவா முதுகுல."

அய்யாதுரைக்கு இழுப்பு உண்டு. சுமை கூடினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். போர்வை மெலிந்தால் படுக்கையில் வாங்கும். வாங்கி வைத்திருந்த பழைய மிலிட்டரி ஸ்லீப்பிங் பேக் அரிசி மூட்டைக் கனம். கடையில் எடுத்த லூதியானா கம்பளியோ பூனைக்குட்டி மாதிரி கைக்குள் சுருண்டுகொண்டது. அதன் கதகதப்பு போதுமா என்று மே மாத மெட்ராஸில் எங்கே பார்ப்பது? அடையாறில் ஓர் ஐஸ் கிடங்குக்குப் போனார்.

"இன்னா அண்ணாச்சி, இங்க மீனுதான் படுக்கும்" என்றான் அங்கே வேலை பார்க்கும் சேட்டு.

"செத்த நேரம் படுத்துக்கிடுதேன். மூச்சு இழுத்தா எழுப்பிவிடுடே."

"மூச்சு நின்னுட்டா?"

"அப்பம் எழுப்பாண்டாம்."

உமி மூடிய ஐஸ் பாளங்களுக்கு நடுவே முதல்நாள் ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தார், வியர்த்தது. மறுநாள் லூதியானா கம்பளி. கொஞ்ச நேரம் பல் தந்தியடித்தது, அப்புறம் கண்ணசந்துவிட்டது. விழித்தபோது உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சில் ஒரு சத்தமில்லை. ஸ்லீப்பிங் பேக்கை அன்றே தள்ளிவிட்டார்.

மலையில் சுமை அவரை ஒன்றும் செய்யவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஏறினார். ஆனால் முதல் ராத்திரியே கூடாரத்தில், விடியும்வரை உட்கார்ந்தே மூச்சு இழுத்தார். ரகுபதி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்ச் சரிவில் பனி வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஊர் வந்ததும் சேட்டுவைப் பார்க்கப் போனார். "கம்பளியைக் குத்தம் சொல்லக் கூடாதுடே. ஐஸ்லயே தாங்கிச்சுல்லா? என் நெஞ்சுதான் உளுத்துப்போச்சு" என்று மார்பில் கைவைத்துக்கொண்டார். "இனிமே மலையெல்லாம் நமக்கு லாயக்கில்ல."

சேட்டு ஒரு பாளத்தின்மேல் கோணியை இழுத்துவிட்டபடியே சொன்னான்: "அது இல்ல அண்ணாச்சி... அன்னிக்கி நீ தூக்கத்துல வெடவெடன்னு நடுங்கிக்கினு கெடந்தியா, மன்சு கேக்கல. மூணு கோணி எடுத்து உம்மேல போட்டேன். அப்பால லோடு வந்துச்சு, ஐஸை மூடணுமேன்னு உருவிக்கினேன். அதுக்கப்பறம்தான் நீ முழிச்ச."

அய்யாதுரை மார்பிலிருந்த கையை எடுத்தார்.