வெள்ளைச் சீலைக்காரியின் கல்யாணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எந்த ‘ல’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பேச்சும் அவ்வளவாக வராது. நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரமாக நிற்கிற ஆள் நான். ஆனால் சுவரோரம் நிற்பவனுக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சீன ராச்சியத்தையே உண்டாக்கியதை நான் அப்படி நின்றுதான் பார்த்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் தம்பியும் சேர்ந்து, ஊரைவிட்டு வந்து குடியேறிய இந்த நாட்டில், ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எனக்கு மனைவியும் ஒரு மகளும். தம்பிக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. நான் விரி என்ற இடத்தில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். தம்பிக்கு மனுகாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவல் வேலை. தாய் தகப்பன் போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். அவனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எனக்குப் பெரிய விஷயம். அதை நான் அவனிடம்கூடச் சொன்னதில்லை.

குடிபுகுந்த அன்றைக்கே எல்லாம் பிசகிப்போனது. பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்திருந்தோம். மூத்த மருமகள் என்ற முறையில் என் மனைவிதான் காய்ச்சுவதாக இருந்தது. பழைய வீட்டில் விட்டுவந்த சாமிப் படத்தை எடுத்துவர அவளும் நானும் போனோம். திரும்பும் வழியில் வாகன நெரிசல். வந்து கதவைத் திறந்தால், பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த மணம். தம்பியின் மனைவி கையில் அகப்பையோடு நின்றாள்.

“அக்கா, நேரம் முடியப் போகுதெண்டு நான்...” என்று தொடங்கினாள்.

என் மனைவி சாமிப் படத்தை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவரும் நேரே பேசிக்கொள்ளவில்லை.

ஒரே குசினிக்குள்தான் நிற்பார்கள். என் மனைவி மகளைக் கூப்பிட்டு, “பிள்ளை, சித்தியிட்டைச் சொல்லு, அடுப்பு காலியாக் கிடக்குதெண்டு” என்பாள்.

மகள் கழுத்தைத் திருப்பி, “சித்தி, ஸ்டவ் இஸ் ஃப்ரீ” என்பாள்.

“எனக்கொண்டும் அவசரமில்லையெண்டு சொல்லு.”

“மம், ஷீ கேன் வெயிட்.”

மகளுக்கு இது விளையாட்டு. நான் வெளியே போய் நின்றுவிடுவேன்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள், வாகனத்துக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் தம்பி வந்தான். “அண்ணை, உவையள் ரெண்டு பேரும் இப்பிடி முகத்தைத் திருப்பிக்கொண்டு எவ்வளவு காலத்துக்கு? மனுகாவிலை ஒரு ஃப்ளாட் பாத்திருக்கிறன். மாத முடிவுக்குள்ளை பதில் சொல்ல வேணும்.”

நான் “ம்” என்றேன்.  எண்ணெய்க் கோலைத் துடைத்து மறுபடியும் உள்ளே விட்டேன்.

பக்கத்து வீட்டில் வயதான சீனப் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய புல்லையும் சேர்த்து நான்தான் வெட்டுவேன். அந்தக் குளிருக்கு அவர் சிட்னியில் மகளிடம் போகப் புறப்பட்டபோது, ஒரு பெட்டி நிறைய வீடியோக் கசெற்றுகளைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். “குட் ஸ்டோரி. கிங், குவீன். வெரி ஜெலஸ்” என்றவர், விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டிச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மழை. மகள் முதல் கசெற்றை டெக்கில் போட்டாள். மலைகளுக்கு நடுவே மேகத்தில் மிதக்கிற ஓர் அரண்மனை வந்தது. தங்கக் கூரை, சிவப்புத் தூண்கள், தரையைக் கூட்டுகிற நீளத்தில் சட்டைக் கைகள். கூந்தலில் தங்கப் பறவை குத்திய மூத்த ராணி. விரல் நகங்களுக்கு வெள்ளி உறை போட்ட, பச்சைப் பட்டுடுத்த இளைய ராணி. சிம்மாசனத்தில் ஒரு ராசா; அவருடைய காதருகே எப்போதும் மெல்லிய தாடியோடு ஒரு மந்திரி. பேச்சு முழுக்கச் சீனம். கீழே எழுத்து ஓடியது, அதுவும் சீனம்.

“வாட் ஆர் தே சேயிங்?” என்றாள் மகள்.

குசினி வாசலில் வெங்காயம் உரித்தபடி நின்ற என் மனைவி சொன்னாள்: “அந்தத் தாடிக்காரன் ராசாவின்ரை காதிலை ஓதுறான். மூத்த ராணியைப் பற்றித்தான். அவன்ரை முழியைப் பார்.”

அப்போது அறைகளுக்கு நடுவே இருந்த நடைபாதையிலிருந்து, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த தம்பியின் மனைவியின் குரல் வந்தது. அவள் தொலைக்காட்சியைப் பார்த்தே பேசினாள். “மூத்த ராணியைப் பற்றியில்லை. எல்லைச் சண்டையைப் பற்றி. கையிலை வரைபடம் வைச்சிருக்கிறானே.”

என் மனைவி திரும்பவில்லை. அவளும் தொலைக்காட்சிக்கே பதில் சொன்னாள். “வரைபடம் சாட்டு. கதை வேறை.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு படத்தில் அவள் வந்தாள். பனி கொட்டுகிற முற்றத்தில், தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்த ஓர் இளம் பெண். நகை இல்லை, சிரிப்பு இல்லை. மடியில் ஒரு நீண்ட நரம்பு வாத்தியம். அவள் ஒரு நரம்பைத் தொட்டதும் கூரையில் இருந்த பனி சரிந்து விழுந்தது. வாசலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன: “பாவம், புருசனைப் பறிகுடுத்தவள்.”

எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. இந்த வயதில் வெள்ளை உடுத்தவள் வேறு யாராக இருக்க முடியும்? அந்த நாட்களில், யுத்தம் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், யாரோ ஒருத்தி வெள்ளைக்கு மாறிய செய்தியும் கூடவே வரும்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு பின்னேரங்களில் வேறு வேலை இல்லை. வெள்ளைச் சீலைக்காரி எங்களுக்கு உறவுக்காரி ஆகிவிட்டாள். அவளுடைய புருசன் ஒரு தளபதி என்று என் மனைவி கண்டுபிடித்தாள். மந்திரி கோள் மூட்டி, ராசாவின் கையாலேயே அவனைக் கொல்லுவித்தான். இவள் பனிமலைக்குப் போய், வெள்ளைத் தாடி முனிவர் ஒருவரிடம் தவமிருந்து, கூரைக்குக் கூரை பறக்கிற வரம் வாங்கி, பழி தீர்க்க வாத்தியக்காரியாக அரண்மனைக்குள் புகுந்திருக்கிறாள். இதெல்லாம் படத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மனைவி ஒரு கண் அசைவிலிருந்து ஒரு வருடக் கதையை எடுப்பாள். ராசா தேநீர்க் கோப்பையை வைத்த விதத்தைப் பார்த்து, அவருக்கு இரவு நித்திரை இல்லை என்று சொன்னாள். அடுத்த காட்சியில் அவர் உண்மையாகவே நித்திரை இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

தம்பியின் மனைவியின் திறமை வேறு மாதிரி. நிறையக் கதைப் புத்தகம் வாசித்தவள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். அரண்மனைத் தோட்டத்தில் பனிக்குள்ளும் பூக்கிற ஒரு மரம் இருந்தது. அது ஏன் பூக்கிறது என்று தம்பி கேட்டான். “அது தளபதியின்ரை ரத்தம் விழுந்த இடம். அவள் வருமட்டும் உதிராது” என்றாள். அதைக் கேட்டதும் என் மனைவியின் கத்தி வெங்காயத்தின் மேல் நின்றது.  அடுத்த கிழமை அந்த மரம் படத்தில் வந்தபோது, “தளபதியின்ரை மரம்” என்று அவளும்தான் சொன்னாள். விரியில் பெட்டி அடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம் கண்ணுக்குள் நின்றது. இரண்டு பேருக்கும் ஒரு சொல் சீனம் தெரியாது. எங்கிருந்து இவ்வளவும் எடுக்கிறார்கள் என்று நான் வியந்துகொண்டே இருந்தேன்.

வெள்ளைச் சீலைக்காரியில் மட்டும்தான் அவர்களுக்கு ஒத்துப்போனது. ராணிகளில் என் மனைவி மூத்தவளின் பக்கம், தம்பியின் மனைவி இளையவளின் பக்கம். ஒருநாள் படத்தில் பெரிய விருந்து. மூத்த ராணி வர முன்பே இளைய ராணி கிண்ணத்தை எடுத்து ராசாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

“பாத்தியளே!” என்றாள் என் மனைவி. “மூத்தவள் வரமுன்னம் தூக்கிக் குடுத்திட்டாள். உரிமை ஆருக்கு?”

“மூத்தவ நேரத்துக்கு வந்திருந்தால் அவள் ஏன் தூக்கப்போறாள்?” என்று நடைபாதை சொன்னது. “சபை முழுக்கக் காத்துக்கொண்டு நிக்குது.”

“கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன, சிம்மாசனம் ஓடிப் போயிடுமோ?”

“பிழை வந்திடக் கூடாதெண்டுதான் செய்தாள். அவளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, ஏன் செய்தனி எண்டு.”

தொலைக்காட்சியில் விருந்து முடிந்து சண்டை தொடங்கியிருந்தது. வாள்கள் மோதின.  வாள்கள் ஓய்ந்த பிறகு என் மனைவி, மெதுவாக, “கேட்டிருக்கலாம்தான்” என்றாள். அதையும் தொலைக்காட்சியிடம்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த கசெற்றில் மூத்த ராணி மாட்டிக்கொண்டாள். அவள் மோதிரத்தைத் திறந்து, வெள்ளைச் சீலைக்காரியின் தேநீரில் ஒரு பொடியைக் கொட்டினாள். தம்பியின் மனைவி இருமினாள்.

“அது மருந்து. தலையிடிக்கு” என்றாள் என் மனைவி.

கோப்பையிலிருந்து பச்சைப் புகை வந்தது.

“சூடான மருந்து” என்றாள்.

தம்பி தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டான். வெள்ளைச் சீலைக்காரிக்கு முன்பே அந்தத் தலையிடி மருந்தை நக்கிக் குடித்த அரண்மனைப் பூனை செத்துவிழுந்த பிறகும், என் மனைவி இன்னும் ஒரு கசெற் முழுக்க மூத்த ராணியை விட்டுக்கொடுக்கவில்லை. அவளுடைய விசுவாசத்தை நான் அன்றைக்கு நினைத்துப் பெருமைப்பட்டேன்.

கடைசிக் கசெற் பார்த்தது மாதத்தின் கடைசி ஞாயிறு. அடுத்த நாள் காலை ஃப்ளாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தம்பி எனக்கு நினைவூட்டியிருந்தான். எனக்குக் கதையில் மனம் நிற்கவில்லை. வெள்ளைச் சீலைக்காரி மந்திரியை அரண்மனைக் கூரையின் உச்சிக்குத் துரத்தி, ஒரே ஒரு நரம்பை மீட்டி அவனை விழுத்தினாள். ராசா அவளுடைய காலில் விழுந்தார். மூத்த ராணி தங்கப் பறவையைக் கழற்றி வைத்துவிட்டு அரண்மனையை விட்டு நடந்தாள். பழி தீர்ந்தது. இனி அவள் பனிமலைக்குத் திரும்பிப் போவாள், அழுதுவிட்டு எழும்பலாம் என்று எல்லோரும் இருந்தோம்.

திரை முழுக்கச் சிவப்பு ஆனது. சிவப்புப் பல்லக்கு, சிவப்பு விளக்குகள், மேளம். பல்லக்கிலிருந்து இறங்கியவள் சிவப்புப் பட்டுடுத்திருந்தாள். முகத்திரையை ஓர் இளைஞன் விலக்கினான்.

உள்ளே வெள்ளைச் சீலைக்காரி!

“ஐயோ, அக்கா! இவள் கலியாணம் கட்டுறாள்!”

“என்னடி பிள்ளை இது! சபையெல்லாம் நிண்டு பாக்குதே!”

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. நடைபாதையில் நின்றவள் எப்போது கூடத்துக்குள் ஓடி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாகப் பார்த்தார்கள்.

“அவளுக்கு என்ன வயசக்கா இருக்கும்?” என்றாள் தம்பியின் மனைவி, கொஞ்சம் குரல் இறங்கி.

“என்ன, இருபத்திரண்டு, இருபத்திமூண்டு.”

“கட்டட்டும். ஏன் கட்டக் கூடாது?”

“ஓம், கட்டட்டும்” என்றாள் என் மனைவி. “நல்லாயிருக்கட்டும். சிவப்பு அவளுக்கு வடிவாயிருக்குது.”

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். யாரை நினைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. படம் முடிந்து திரை நீலமாகி நின்றது. அணைக்க ஒருவரும் எழும்பவில்லை.

“பிள்ளை, தேத்தண்ணி போடட்டே?” என்று என் மனைவி அவளையே பார்த்துக் கேட்டாள். மகள் பழக்கத்தில், “சித்தி, டூ யூ வான்ட் டீ?” என்றாள்.

“நீ பேசாமல் இரு. எனக்குக் கேட்டது” என்றாள் சித்தி.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படும்போது தம்பி கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஃப்ளாட்டுக்குப் பேசினாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அவனே, “வாற சனி என்ன படமாம், அண்ணை?” என்றான். குசினிக்குள் மூத்த ராணி மருந்து கலந்ததைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது, மகள் இல்லாமலே.

குளிர் முடிந்து சீனப் பெண்மணி திரும்பி வந்தார். கசெற்றுகளைக் கொடுக்கப் போனபோது, என் அரைகுறை ஆங்கிலத்தில் வெள்ளைச் சீலைக்காரியின் புருசனைப் பற்றிக் கேட்டேன். அவர் குழம்பிப்போனார். “நோ ஹஸ்பண்ட். ஹெவன் கேர்ள்” என்றார். தேவலோகத்துப் பெண்ணாம். அங்கே எல்லோரும் வெள்ளைதான் உடுப்பார்களாம். தளபதியும் இல்லை, அவனுடைய ரத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“அவவுக்கு விளங்கேல்லை” என்றாள் என் மனைவி.

“அவ படத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பாத்திருப்பா” என்றாள் தம்பியின் மனைவி. “அதுதான் கதை பிடிபடேல்லை.”

நானும் அவர்கள் பக்கம்தான்.

தம்பி போன வருடம் அடுத்த தெருவில் சொந்த வீடு வாங்கினான். பால் காய்ச்சுகிற அன்று எங்கள் வாகனம் கிளம்பவில்லை. நடந்து போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டிவிட்டது. பால் பானையில் அப்படியே இருந்தது.

“விசரி, நேரம் போயிட்டுது. நீ காய்ச்சியிருக்கலாமே” என்றாள் என் மனைவி.

“இன்னொருக்காக் காய்ச்ச எனக்கென்ன விசரே? பிடியுங்கோ அகப்பையை.”

இதை எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்கத் தம்பியின் மனைவியிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் திருத்தினாள். கூடவே, சிவப்புப் பல்லக்கு வந்த அன்றைக்கு முதலில் வாய் திறந்தது தான்தான் என்று ஓரத்தில் எழுதினாள். என் மனைவி அதை வாசித்துவிட்டு, இல்லை, தான்தான் என்கிறாள். நான் சுவரோரம் நின்று கேட்டவன்; இரண்டு குரலும் ஒன்றாகத்தான் வந்தன. அப்படியே விட்டிருக்கிறேன்.

ஹில்ஸ்பரோ,
1999 ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை.