அவரவர் வாளி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் பணிவான வணக்கம். அழுதுகொண்டு எழுதவில்லை. அழுமூஞ்சிகளை அக்காவுக்குப் பிடிக்காது.

உத்தனப்பள்ளியில் பிறந்தவர். அம்மா போனபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. அன்று என்னை இடுப்பில் தூக்கியவர் கடைசிவரை இறக்கிவிடவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத நான் ஐம்பதைத் தாண்டிய பிறகும், குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று அக்காவுக்குப் போன் போட்டுத்தான் கேட்பேன். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருடம் சமைத்தார். பிறகு ஓசூருக்கு வேலைக்கு வரும் பெண்களுக்காக ஹாஸ்டல் தொடங்கினார். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார். பாசம் வந்தாலும் அதே தெலுங்குதான்.

வெளி மாவட்டங்களிலிருந்து வரும் அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வீட்டுக்குப் போன் செய்து அழுவார்கள். அக்கா அவர்களை மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரி நடச் சொன்னார். காலை ஷிப்ட் முடித்து வந்தவள் தண்ணீர் ஊற்றினாள். பாவம் என்று அடுத்த ஷிப்ட்காரியும் ஊற்றினாள். மூன்றாவது ஷிப்ட்காரியும் விடவில்லை. வேரெல்லாம் அழுகிப்போயிற்று.

“தாகத்துல சாகலடா, பாசத்துல செத்துச்சு” என்றார் அக்கா. அதன் பிறகு ஒவ்வொரு வாளியிலும் ஒரு பெயர். அடுத்தவர் தொடக் கூடாது.

ராமநாதபுரத்திலிருந்து வந்த சத்யாவின் மிளகாய்ச் செடி ஒருமுறை வாடிக் கிடந்தது. மனசு கேட்காமல் சொம்போடு போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

“அவ செடிய நீ காப்பாத்துனா, அவ எதைடா காப்பாத்துவா?”

சத்யாவே வந்து ஊற்றினாள். செடி பிழைத்தது. அதில் காய்த்த மிளகாயை அவள் ஊருக்குப் பார்சல் அனுப்பியபோது அவளைவிட அக்காவுக்குத்தான் பெருமை.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது வாரம் மாடிக்குப் போனேன். எல்லா வாளியும் பச்சைப் பசேல் என்றிருக்க, அக்காவின் அவரைச் செடி மட்டும் சருகாக நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இவ்ளோ செஞ்ச அக்காவுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த மனசு வரலியா?” என்று கத்திவிட்டேன்.

சத்யா நிதானமாகச் சொன்னாள். “அண்ணே, ஆஸ்பத்திரிக்கே போயி கேட்டோம். விதைக்கு விட்டிருக்கேன், காயட்டும்னு அக்காதான் சொன்னாங்க.”

அக்காவிடம் போய் இதைச் சொன்னதும் சிரித்தார். “உனக்கு எப்பவும் அவசரம்டா. மாடிப்படிக்குக் கீழ ஒரு வாளி இருக்கும், பாரு.”

பார்த்தேன். ‘தம்பி’ என்று எழுதியிருந்தது. அதிலிருந்து நான்காம் நாள் அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

ஆஸ்பத்திரியில் ஷிப்ட் போட்டு அக்காவுக்குத் துணையிருந்த ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், வாளிகளுக்கு மண் தந்த நர்சரிக்காரருக்கும், தோள் கொடுத்த உத்தனப்பள்ளி உறவுகளுக்கும் என் நன்றி என்றும் உண்டு. மலரோடு இருக்கும் பொட்டலத்தில் அவரை விதைகள் இருக்கின்றன. அக்கா விட்டுப்போன விதையைப் பிள்ளைகள் நட்டுப் பெருக்கித் தந்தவை. ஊன்றுங்கள், நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள்.

என் வாளியில் இரண்டு முறை செடி பட்டுப்போனது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. மூன்றாவது பிழைத்தது. போன வாரம் காய் பறித்துக் குழம்பு வைத்தேன். உப்புப் போடும் நேரத்தில் கை தானாகப் போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடியது. போனைக் கீழே வைத்துவிட்டு நானே போட்டேன். கொஞ்சம் கரித்தது. முழுவதும் சாப்பிட்டேன்.