ஊரணி மண் பூசிய சுவர்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஏழு, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஒன்பது. ஒன்றைக்கூடத் தலை குனிந்து நடக்க நான் விட்டதில்லை.

அரிமளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். பதினோரு வீடு, ஓர் ஊரணி, சுற்றிலும் சரளைச் செம்மண். குடிக்க ஊரணித் தண்ணீர்தான். அதை விட்டால் இரண்டு மைல் நடக்க வேண்டும். சித்திரையில் அது வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கித் தூர் வாருவோம். வாரிய சாம்பல்நிற வண்டலைத்தான் சுவருக்குப் பூசுவது. பக்கத்து ஊரில் எல்லாம் செம்மண் சுவர். எங்கள் வீடு மட்டும் அழுக்காக இருக்கிறதென்று நான் அழுவேன்.

மகாராஜா காலம் அது. எனக்கு ஏழு வயது. எல்லை அளக்கச் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே கூட வந்தார்கள். அவரும் எங்கள் பக்கத்துக் கரையிலேயே குழி தோண்டச் சொன்னார். அங்கே கல் நட்டால் ஊரணி அவர்களுக்குப் போய்விடும். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். என்னைப் பெற்ற ஆத்தா குழிக்குள் இறங்கிவிட்டாள்.

“கல்ல எந்தலையில நடுங்க சாமி.”

பக்கத்து ஊர்ப் பெரியவர் சிரித்தார். “பதினோரு வீட்டுக்கு ஒரு ஊரணி கேக்குதாக்கும்? வருசா வருசம் தூர் வாருறது நாங்கதான்.”

“வாருன மண்ணு எங்கிட்டுப் போச்சு? ஒங்க ஊருச் செவுத்துல ஒரு கையளவு காட்டுங்க, நான் ஏறிக்கிறேன்.”

சர்வேயர் போய்ப் பார்த்தார். அத்தனை சுவரும் சிவப்பு. திரும்பி வந்தவரை ஆத்தா எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடப்பாரையால் சுவரைக் குத்தினாள். உள்ளே பூச்சுக்கு மேல் பூச்சாகச் சாம்பல் நிறம். எத்தனை சித்திரை என்று எண்ண முடியாது. பெயர்ந்த கட்டியை அவர் கையிலேயே வைத்தாள். கல் அக்கரைக்குப் போனது.

அப்பா அந்தப் பொத்தலை அடைக்கப் போனபோது ஆத்தா விடவில்லை. ஐப்பசி மழையில் சாரல் என் பாய் வரைக்கும் அடித்தது. ஒரு கூடை மண் குழைக்க இவ்வளவு சோம்பலா என்று நினைத்தேன். இன்னொரு சங்கிலி வரும், அன்றைக்கும் சாட்சி வேண்டும் என்று அவள் வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

எங்கடி பேத்தி, எழுதுனதச் சத்தமாப் படி. அக்கரை வரைக்கும் கேக்கட்டும்.