மருந்துக்காக வழக்காடிய எங்கள் அக்கா

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவின் வாழ்வை ஒளிக்காமல் எழுது என்றார் அம்மா. படிக்கக் கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்ந்தவருக்கு இதைவிடக் கசந்தது.

அக்கா பிறந்தது புதுப்பட்டினத்தில். அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை செய்த அப்பா, அவரை பி.ஃபார்ம் படிக்க வைத்தார். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை கிடைத்தது. ஒரு நாள் எங்கள் ஊரில் மீன் விற்கும் செல்வி அம்மாள் அங்கே வந்து, ரத்த அழுத்த மாத்திரையின் விலையைக் கேட்டுத் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா, இத்த வுட்டா வேற கெடியாதா?"

"கீதும்மா. அதே மருந்துதான், கம்பெனி பேரு வேற. வெளிய கம்மி வெலைக்கு வாங்கிக்கோ."

மேலாளர் காதில் விழுந்தது. வேலை போயிற்று. எதிர்த்துக் கேட்கச் சட்டம் தெரிய வேண்டும் என்று அக்கா சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். "மாத்திர எண்ணிகினு இருந்தவளுக்குக் கறுப்புக் கோட்டு ஒரு கேடா?" என்று அன்று சிரித்தவர்கள் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள்.

அக்கா வழக்கறிஞரான பின், அரசு சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை வருவது நின்றது. செல்வி அம்மாளின் மகள் அந்த மாத்திரையின்றி வலிப்பு வந்து கடற்கரையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். அக்கா உயர் நீதிமன்றம் போனார். உடனே, மருந்துக் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா வீடேறி வந்தார்.

"சர்க்காரே குட்த்துட்டா என் கடைய இழுத்து மூடட்டுமா? கேச வாபஸ் வாங்கு."

"அந்தப் பொண்ணு தலையில தையல் போட்டுக்கீது. அவகிட்ட போய் இத்த சொல்லு சித்தப்பா."

வேறு மாத்திரை தந்தோமே என்றது அரசுத் தரப்பு. பழகிய மாத்திரையைத் திடீரென மாற்றினால் வலிப்பு எப்படிக் கூடும் என்று அக்கா நீதிபதிக்கு விளக்கினார். மருந்தியல் படித்திராத வழக்கறிஞருக்கு அது வாய்த்திருக்காது. தடையின்றி வழங்க உத்தரவு வந்தது, மாத்திரையும் வந்தது.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "பொண்ணு கோர்ட்டு கோர்ட்டா சுத்துது" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி, நிச்சயித்த திருமணத்தை நிறுத்தினார். ஏன் என்று உங்களில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அன்று அக்கா அழுதார். மறுநாள் நீதிமன்றம் போனார்.

புற்றுநோயில் அக்கா படுத்திருந்தபோதும் நீங்கள் வரவில்லை. செல்வி அம்மாள் வந்து கஞ்சி ஊட்டினார். அவர் மகள் அக்காவின் கால்களைப் பிடித்துவிட்டாள். அவர்கள் இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டணம் பாராமல் வலி குறைத்த மருத்துவருக்கும் நன்றி. பட்டியல் இவ்வளவுதான்.

இந்த மலரின் பின்னட்டையில் தன் கடைப் படத்தைப் போட்டு, 'எங்கள் குலவிளக்கு' என்று அச்சடிக்கச் சொன்னார் சித்தப்பா. முடியாது என்றேன்.

உறவினர்களே, பந்தி தயாராக இருக்கிறது. வயிறார உண்டு செல்லுங்கள். அக்கா யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "தங்கமான பொண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கை