மூன்று தொட்டிக்கு ஓர் அட்டை

நேற்று ஒரு பத்திரிகையிலிருந்து என் விஞ்ஞானக் கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மசியில், ‘பாதியாகச் சுருக்கி அனுப்பவும்.’ படித்த மாத்திரத்தில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தேடினேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர். மெட்ரிகுலேஷன் தேறியவன், அந்தக் கர்வம் தலைப்பாகைக்குள் அடங்காது. பட்டணத்து ரசாயன நிபுணர் ஒருவர், ஊறல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை என்று மூன்று தொட்டிகளில் தோல் பதனிடும் முறையை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தமிழில் ஓர் அட்டைக்குள் அடக்கித் தொங்கவிடும்படி முதலாளி சாயபு சொன்னார். அட்டையில் உள்ளபடி செய்யாதவனுக்கு வேலை கிடையாது என்றும் அறிவித்துவிட்டார்.

நிபுணர் ரொம்பத்தான் வளவளத்திருந்தார்: ‘ஆவாரம்பட்டைத் தண்ணீரின் பதத்தை, பழகிய மேஸ்திரி ஒரு துளி நாக்கில் வைத்துத் துவர்ப்பைக் கொண்டு அறியலாம், உடனே துப்பிவிட வேண்டும், மற்றத் தொட்டிகளில் இது கூடாது.’ நான் களை பிடுங்கினேன். மிஞ்சியது: ‘தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தபின் தோலை இறக்கவும்.’ என்ன அழகு!

மறுநாள் காலை மேஸ்திரி காதர் பாய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“இன்னா ரைட்டரே, ஊறல் தொட்டியில ரத்தமும் சாணியுமா மெதக்குது. அதையும் நக்கணுமா?”

“அட்டையில...”

“சுண்ணாம்புத் தொட்டிய நக்கினா நாக்கு வெந்துடும். அப்பால பட்டைத் தண்ணிய எத வெச்சிப் பாக்கறது? நக்கலேன்னா வேலை பூடும். நாக்கா வேலையா, நீயே சொல்லு.”

சத்தம் கேட்டுச் சாயபு வந்தார். “படிச்சவர் எழுதினது தப்பா இருக்குமா?”

“அப்போ படிச்சவரே மொதல்ல பார்க்கட்டும் சாப்.”

தப்பு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆகவே, நண்பரே, அதையே நீட்டினேன். ஊறல் தொட்டியின் ருசியைச் சுருக்கமாகவும் சொல்லமாட்டேன், விரிவாகவும் சொல்லமாட்டேன். வாந்திக்கு நடுவே உண்மையையும் கக்கினேன்.

பிராயச்சித்தமாக நிபுணர் எழுதியதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். அட்டை கதவளவு ஆயிற்று. காதர் பாய் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“ஜாஸ்தி பேஜார் பண்ணாதே ரைட்டரே. ரெண்டு சின்ன அட்டை எழுது. ஊறலுக்கு ஒண்ணு, சுண்ணாம்புக்கு ஒண்ணு. ‘நக்காதே.’ அவ்ளோதான்.”

“பட்டைத் தொட்டிக்கு?”

“அங்க எதுக்கு அட்டை? நா கீறனே.”

அவர் வேலையும் நாக்கும் தப்பின. கடைசிவரை அந்தத் தொட்டிக்கு அட்டை இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதற்கும் ஒன்று எழுதித் தரும்படி ஷாப்பிலிருந்து கேட்டார்கள். அந்த அட்டையை எழுத ஆரம்பித்து, இப்போது பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். காதர் பாய் ஒரு துளியில் கண்டுபிடித்துத் துப்பிய சங்கதிக்கு இன்னும் வந்து சேரவில்லை.